வீட்டைச் சேரும் பணம் பட்டறையைச் சேர்வதில்லை

ரொறன்ரோ மாநகரின் வடமேற்கு மூலையில், ஹம்பர் ஆற்றுக்கும் விமான நிலையத்துக்கும் இடையே அமைந்துள்ள ரெக்ஸ்டேல், 1950களில் இங்கு நிலம் வாங்கி வீடுகளைக் கட்டிய ரெக்ஸ் ஹெஸ்லொப் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வீடுகளை அடுத்துத் தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் எழுந்தன. அவற்றுட் பல, பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் வேலை கொடுக்கும் சிறு நிறுவனங்கள். அகதி விண்ணப்பத்தைக் கையளித்து, வேலை அனுமதிப் பத்திரம் கைக்கு வந்ததும் எம்மவர் பலர் படியேறிய இடங்கள் இத்தகைய பட்டறைகளே. ஆங்கிலம் சரளமாகப் பேச வராதவருக்கும், கனடிய அனுபவம் இல்லாதவருக்கும் முதற் சம்பளத்தைக் கொடுத்தவர் பெரும்பாலும் ஒரு சிறு முதலாளியாகவே இருந்தார். கிப்ளிங் வீதியில் 45ஆம் இலக்கப் பேருந்தில் விடிவதற்கு முன் ஏறி இறங்கியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறு உழைத்த பணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போயிற்று, இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. தாயாரின் மருந்து, வீட்டுக் கூரை, தங்கையின் சீதனம், தம்பியை வெளியே எடுப்பதற்கு முகவர் கேட்ட தொகை, அதற்காக ஈடு வைத்த காணி உறுதியின் மீட்பு, கோயிற் திருப்பணி, படித்த பாடசாலையின் மண்டபம் என்று அதன் செலவு வரிசை நீளும். இவற்றுள் எதனையும் வீண் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இந்த வரிசையில் ஓர் அரைக்கும் ஆலைக்கான மோட்டரோ, தச்சுப்பட்டறைக்கான வாளோ, தையற்கூடத்துக்கான ஐந்து இயந்திரங்களோ மிக அரிதாகவே இடம்பெறுகின்றன. வெளிநாட்டில் உழைப்போர் இலங்கைக்கு அனுப்பிய பணம் 2024 இல் ஏறத்தாழ 660 கோடி அமெரிக்க டொலர். எங்களுக்கு முதல் வேலை தந்ததைப் போன்ற ஒரு சிறு பட்டறை ஊரில் நின்று நிலைப்பதற்கு இவ்வளவு பணம் போயும் ஏன் வழி பிறக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சிறு தொழில், நடுத்தரத் தொழில் என்று எவற்றைச் சொல்கிறோம்? இலங்கை அரசின் கொள்கை வகுப்பின்படி, உற்பத்தித் துறையில் பத்துப் பேர் வரை வேலைசெய்வது நுண் தொழில். 11 முதல் 50 வரை சிறு தொழில். 51 முதல் 300 வரை நடுத்தரத் தொழில். நாட்டிலுள்ள தொழில் நிறுவனங்களில் நூற்றுக்கு 75க்கும் அதிகமானவை இவ்வகையைச் சேர்ந்தவை என்றும், வேலைவாய்ப்பில் 45 சதவீதமும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 52 சதவீதமும் இவற்றால் கிடைப்பவை என்றும் அதே கொள்கை ஆவணம் கூறுகிறது. உலகெங்கும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஏழை நாடு ஒன்றில் வேலையில்லாத இளைஞனுக்கு வேலை கொடுக்கப் போவது வெளிநாட்டுப் பெருங்கம்பனி அன்று. அடுத்த தெருவில் உள்ள ஆலைக்காரர்தான். அவருக்கு இரண்டாவது இயந்திரம் வாங்க முடிந்தால் மூன்று பேருக்கு வேலை கிடைக்கும்; முடியாவிட்டால் அந்த மூவரும் முகவரைத் தேடுவார்கள்.

எமது மக்களுக்குத் தொழில் நடத்தத் தெரியாது, அரசாங்க உத்தியோகத்தையே நம்பிக் கிடந்தவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911 இல் வந்தது. அதைத் தொடர்ந்த இருபது, முப்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாடு கூட்டுறவில் நாட்டுக்கே முன்மாதிரியாக நின்றது. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய கமக்காரர் மலையாளப் புகையிலை விற்பனைக்கென ஒரு சங்கம் வைத்திருந்தனர். மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. 1970களில் மரமேறும் தொழிலாளருக்கான கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து அத்தொழிலாளர் ஓரளவு விடுபட்டனர். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைந்தது. கடனையும் விற்பனையையும் ஒரே கையில் வைத்திருந்ததே இச்சங்கங்களின் பலம் என்பது என் கருத்து. கடன் கொடுத்த சங்கமே புகையிலையையும் விற்றுக் கொடுத்தது. இக்கருத்துக்குப் பின்னர் திரும்பி வருவோம்.

1990க்குப் பின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, உரம், பற்றரி என்று தடைப்பட்டியல் நீண்டது. போரினால் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஓய்ந்தன. ஆனால் அதே ஆண்டுகளில்தான் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலி, உள்ளூர்ச் சவர்க்காரம், ஜாம் போத்தல் விளக்கு எல்லாம் பிறந்தன. அவற்றைச் செய்தவர்கள் சிறு பட்டறைக்காரர்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கடைசல் இயந்திரங்களைத் தோளில் சுமந்து செல்ல முடியவில்லை. இன்று ஸ்காபரோவிலும் ரெக்ஸ்டேலிலும் வாகனம் திருத்தும் கைகளுள் சில அப்பட்டறைகளிற் பழகியவை.

2002 இல் போர் நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் வீதி நிரந்தரமாகத் திறந்தபோது அதன் வழியே முதலில் வந்து சேர்ந்தவை தெற்கின் பொருள்கள். பிஸ்கற்றும் சவர்க்காரமும் பிளாஸ்ரிக் கதிரையும் லொறி லொறியாக வந்தன. தடைக்காலத்தில் தாக்குப்பிடித்த உள்ளூர் உற்பத்தியாளர், போட்டிக் காலத்தில் ஓர் ஆண்டும் தாக்குப்பிடிக்கவில்லை. பொருள்களின் பின்னே குத்தகைக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுத்தார்கள். பிணை தேவையில்லை, ஐந்து பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தாற் போதும் என்றார்கள்.

இந்த முறையின் மூலம் நல்லது. 1976 இல் பங்களாதேஷின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983 இல் கிராமீன் வங்கியாயிற்று. 2006 இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கந்துவட்டிக்காரனிடம் கட்டுண்டு கிடந்த மூங்கிற் கதிரை பின்னும் பெண்ணை விடுவிப்பதே யூனுஸின் நோக்கம். ஆனால் வறியவர் கடனைத் திருப்பிக் கட்டுவார் என்பது நிரூபணமானதும், அதை வறுமை ஒழிப்பாகக் காணாமல் இலாப வழியாகக் கண்டவர்கள் உலகெங்கும் புறப்பட்டனர். இந்தியாவின் ஆந்திர மாநிலம் 2010 இல் அவசரச் சட்டம் கொண்டுவந்து இவர்களைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. இலங்கையின் நுண்நிதிச் சட்டம் 2016 இலேதான் வந்தது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது; ஏனெனில் இதே கணக்குத்தான் இங்குள்ள சில கடன் கடைகளிலும் நடக்கிறது. ஒரு பெண் 100,000 ரூபா கடன் பெறுகிறார். வட்டி 24 சதவீதம் என்று சொல்லப்படுகிறது. ஓராண்டில், 52 வாரங்களில், 124,000 ரூபாவைச் சம தவணையாகக் கட்ட வேண்டும். வாரம் 2,385 ரூபா. பார்வைக்கு நியாயம் போலவே தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதல் குறைந்து வருகிறது. வட்டியோ கடைசி வாரம் வரை முழு ஒரு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. சராசரியாக அவர் கையிலிருந்த பணம் அரை இலட்சத்தைச் சற்றே தாண்டியது. உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 44 சதவீதம். இதைவிடப் பெரிய தொல்லை தவணைக் காலம். கடன் வாங்கிய மறுவாரமே தவணை தொடங்குகிறது. தையல் இயந்திரம் வாங்கியவருக்கு முதற் சட்டை விற்குமுன், கோழிக்குஞ்சு வாங்கியவருக்கு முதல் முட்டை கிடைக்குமுன், தவணைக்காரர் வாசலில் நிற்கிறார். தவணையைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன். அதைக் கட்ட மூன்றாவது. தொழிலுக்கென்று வாங்கிய கடன் தொழிலைத் தொடாமலே சுழல்கிறது.

இது எங்கே போய் முடிந்தது என்பதை ரெக்ஸ்டேலில் உள்ள குடும்பங்களும் அறியும். நள்ளிரவில் வந்த தொலைபேசி அழைப்புகள் பல, ஊரிலுள்ள அக்காவின் தவணை நிலுவையைப் பற்றியவை. 2018 இல் இலங்கை அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன் பெற்றுத் தவணை தவறிய பெண்களின் கடனை நீக்குவதாக அறிவித்தது. வட்டிக்கு 35 சதவீதம் என்ற உச்சவரம்பும் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களுக்கு ஆண்டு வட்டி 220 சதவீதம் வரை சென்றதைச் சுட்டிக்காட்டினார். தவணை வசூலிக்க வந்தோரால் பெண்கள் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதும் அவருடைய அவதானிப்பில் இடம்பெற்றது. இது தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று எண்ணுவதும் தவறு. 2021 மார்ச்சில் பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனுக்கெதிராகப் பல வாரங்கள் சத்தியாக்கிரகம் இருந்தவர்களுட் பெரும்பாலோர் சிங்களப் பெண்கள்.

அப்படியானால் சிறு தொழிலாளிக்குப் பணம் கொடுப்பதே பயனற்றதா? இல்லை என்பதற்கு இலங்கையிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. சுனாமிக்குப் பின்னர், 2005 இல் தொடங்கி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில் நடத்துவோரிடையே ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல்லும், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்ரோபர் வூட்றஃப் ஆகிய இரு பொருளியலாளர்களும் இதனை நடத்தினர். ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத மூலதனம் உள்ளவர்களுள் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்து, சிலருக்கு 10,000 ரூபாவும் சிலருக்கு 20,000 ரூபாவும் பணமாகவோ பொருளாகவோ இனாமாகக் கொடுத்தார்கள். கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, மூலதனம் மாதத்துக்கு ஏறக்குறைய 5 சதவீத வருவாயை ஈட்டியது தெரியவந்தது. ஆண்டுக்கு 60 சதவீதம்! எந்த வங்கியின் வட்டியும் இதற்கு அருகில் வராது. சிறு தொழிலாளியிடம் திறமை இல்லை என்பவர்களுக்கு 2008 இல் வெளியான இந்த ஆய்வே போதிய மறுமொழி.

ஆனால் அதே ஆய்வில் ஒரு முள்ளும் இருந்தது. வருவாய் பெருகியது ஆண்கள் நடத்திய தொழில்களில் மட்டுமே; பெண்கள் நடத்தியவற்றில் ஏறக்குறைய ஒன்றும் பெருகவில்லை. நுண்கடன் நிறுவனங்களோ பெரும்பாலும் பெண்களுக்கே கடன் கொடுத்துவந்தன! பெண்களுக்குத் தொழில் வராது என்று சிலர் இதனை உடனே விளங்கிக்கொண்டனர். 2019 இல் வேறு சில ஆய்வாளர்கள் இலங்கை, இந்தியா, கானா ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளையும் மீண்டும் எடுத்து நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. பெண்ணின் பெயரில் வந்த பணம் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் தொழில் நடத்துபவர் அந்தப் பெண் ஒருவரே என்றால், அவருடைய பணமும் ஆணின் பணத்தைப் போலவே பெருகியிருந்தது.

போரில் கணவனை இழந்தும் காணாமற் கொடுத்தும் குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரவர். அவர்களைப் பற்றி இங்கு நடைபெறும் கூட்டங்களில் அனுதாபத்துடன் பேசுகிறோம். உலர் உணவுப் பொதியும் சேலையும் அனுப்புகிறோம். மேற்கண்ட ஆய்வைப் பொருத்திப் பார்த்தால், மூலதனம் கொடுத்தால் அதைத் தொழிலிலேயே நிறுத்திப் பெருக்கக்கூடிய நிலையில் உள்ளவர்கள் இப்பெண்களே. அனுதாபத்துக்கு உரியவராக மட்டும் அவர்களைக் காண்பது எமது பார்வையின் குறை.

பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்குப் பயிற்சி என்றால் விருப்பம் அதிகம். பதாகை கட்டலாம், படம் எடுக்கலாம், இறுதியில் சான்றிதழும் ரோல்ஸும் தேநீரும் வழங்கலாம். அதே மூன்று ஆய்வாளர்கள் இலங்கைப் பெண்களிடையே செய்து 2014 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்ததால் கணக்கு எழுதும் பழக்கம் திருந்தியது, இலாபம் கூடவில்லை.

நுண்கடனின் கதை இது. அதற்கு மேலுள்ள படியில் நிற்பவரின் நிலை வேறு. கிளிநொச்சியில் மிளகாய்த்தூளும் அரிசி மாவும் அரைத்து விற்கும் ஆலைக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு பேர் வேலைசெய்கிறார்கள். பொதி செய்யும் இயந்திரமும் உலர்த்தியும் வாங்க 15 இலட்சம் ரூபா வேண்டும். அண்மைய நாணய மாற்றின்படி இது ஏறக்குறைய 7,000 கனடிய டொலர். நுண்கடன் நிறுவனத்துக்கு இது மிகப் பெரிய தொகை. வர்த்தக வங்கிக்கோ மிகச் சிறிய தொகை. அது காணி உறுதியைக் கேட்கும், பிணையாளரைக் கேட்கும், மூன்றாண்டுக் கணக்கறிக்கையைக் கேட்கும். இடம்பெயர்ந்து திரும்பியவரிடம் உறுதியும் இல்லை, கணக்கும் இல்லை. வளர்முக நாடுகளின் சிறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கிடைக்காத கடனின் அளவு ஆண்டுக்கு 5.2 இலட்சம் கோடி அமெரிக்க டொலர் என்று உலக வங்கிக் குழுமம் 2017 இல் மதிப்பிட்டது. அந்தப் பெரும் பள்ளத்தில் நம் ஆலைக்காரரும் ஒருவர்.

கடன் கிடைத்தவர்களும் தப்பவில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. வங்கி வட்டி 25 சதவீதத்தையும் தாண்டியது. 12 சதவீதத்துக்குக் கடன் பெற்றுத் தொழில் தொடங்கியவர் இருமடங்கு வட்டி கட்ட நேர்ந்தது. நீதிமன்றம் செல்லாமலே பிணைச் சொத்தை ஏலம் விட 1990 ஆம் ஆண்டின் சட்டமொன்று வங்கிகளுக்கு அதிகாரமளிக்கிறது; பராட்டே என்று அதனை அழைப்பர். அந்த அதிகாரம் 2024 இல் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டு, பின்னர் 2025 மார்ச் இறுதி வரை நீடிக்கப்பட்டது. வடக்கின் சிறு தொழிலாளிக்கோ உண்மையான வங்கி பெரும்பாலும் மனைவியின் தாலிக்கொடியும் காப்பும்தான். நகையை அடைவு வைத்து விதைவெங்காயம் வாங்குவார், அறுவடையில் மீட்பார், விலை விழுந்தால் நகை போய்விடும்.

இந்த 7,000 டொலரை ரெக்ஸ்டேலிலிருந்து எப்படிப் பார்க்கலாம்? இங்கு சீட்டுப் பிடிக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. இருபது பேர், மாதம் 500 டொலர், மாதாந்தம் ஒருவர் கையில் 10,000 டொலர். அவசரக்காரர் கழிவு விட்டு எடுப்பார், பொறுத்தவருக்கு இலாபம். கட்டிய சீட்டோடு தாச்சி தலைமறைவான கதைகளும் பல. எனினும் எழுத்தில்லாத நம்பிக்கையின் மேல் இத்தனை பணத்தைச் சுழற்றத் தெரிந்த சமூகத்துக்கு, எழுத்தோடு கூடிய ஒரு கடனைக் கொடுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. கனடாவிலேயே கியூபெக் மாகாணத்தின் லெவி நகரில் அல்போன்ஸ் டெஜார்டான் 1900 இல் தொடங்கிய மக்கள் கடன் சங்கத்தின் முதல் வைப்புத்தொகை 10 சதம். வங்கிகள் ஏறெடுத்தும் பாராத பிரெஞ்சுக் கமக்காரரும் தொழிலாளரும் அதில் சேர்ந்தனர். இன்று அது நாட்டின் மிகப் பெரிய நிதிக் கூட்டுறவு.

சில குடும்பங்களுக்குப் பொருந்தக்கூடிய ஒரு வழியை இங்கு சொல்லலாம். மாதந்தோறும் தாயாருக்கு 300 டொலர் அனுப்பும் ஒருவர், ஈராண்டுக்குரிய தொகையை வங்கி மூலம் ஒரேயடியாகத் தாயாரின் கணக்குக்கு அனுப்புகிறார். தாயார் அதனை, உடன்படிக்கை எழுதி, ஊரிலுள்ள நம்பகமான ஆலைக்காரருக்குக் கடனாகக் கொடுக்கிறார். ஆலைக்காரர் முதல் மூன்று மாதத்தின் பின்னர் மாதத் தவணையைத் தாயாரின் கையிலேயே கட்டுகிறார். தாயாரின் மருந்துச் செலவு அதிற் போகும். ரூபாவைத் திரும்ப டொலராக்கும் தொல்லையும், நாணயம் சரிந்தால் வரும் நட்டமும் இல்லை. ஆபத்து இல்லையா என்றால், உண்டு. ஆலை நொடித்தால் தாயாரின் மருந்தும் நிற்கும். ஆகவே தவணை நின்றாலும் தாயாருக்கு அனுப்பக்கூடியவர்கள் மட்டுமே இதில் இறங்க வேண்டும். அகதி விசாரணைக்குக் காத்திருப்பவரும், முகவரின் கடனை இன்னும் கட்டுபவரும் இதை நினைக்கவே வேண்டாம். அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, கீழே வருகிறது.

வங்கி மூலம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்டியல் எமது அகதி வாழ்வின் உயிர்நாடியாக இருந்தது. வங்கிக் கிளைகளே இயங்காத ஊர்களுக்கு அதுவே பணம் கொண்டுபோனது. 2021 இல் இலங்கை அரசு டொலரை 200 ரூபாவில் செயற்கையாகப் பிடித்து வைத்தபோது எல்லோருமே மீண்டும் உண்டியலை நாடினர். 2020 இல் 710 கோடியாயிருந்த வங்கிவழிப் பணம் 2022 இல் 380 கோடி டொலராய் விழுந்தது. ஆனால் உண்டியலில் போன பணத்துக்குச் சுவடு இல்லை. தொழில் உடன்படிக்கை நீதிமன்றத்துக்குப் போனால் காட்டுவதற்குத் துண்டு இல்லை. ரெக்ஸ்டேலில் எமது அயலவரான சோமாலிய மக்கள் இதை வேறு விதமாக அனுபவித்தார்கள். 2001 நவம்பரில் அல் பரக்காத் என்ற அவர்களுடைய பணப் பரிமாற்ற நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியபோது, மொகதிஷுவிற் கடை நடத்திய உறவினரின் முதலும் குழந்தைகளின் உணவுப் பணமும் ஒருங்கே சிக்கிக்கொண்டன.

கடன் ஒரு பாதி. மற்றப் பாதியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தொழிலாளிக்குக் கடனைவிட முதலில் வேண்டியது பொருளை வாங்குபவர். அல்பியன் வீதியும் கிப்ளிங் வீதியும் சந்திக்கும் சுற்றாடலிலோ, ஸ்காபரோவிலோ உள்ள எமது கடையொன்றுக்குள் சென்று ஒரு மாப் பொதியைத் திருப்பிப் பாருங்கள். பெயர் யாழ்ப்பாணத்தைச் சொல்லும். படத்தில் பனைமரம் நிற்கும். செய்த இடம் பல வேளைகளில் வேறாக இருக்கும். கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவருக்கு மாதா மாதம் ஒரே தரத்தில், ஒரே நிறையில் பொருள் வேண்டும்; கனடாவின் சட்டமும் இலேசானதன்று.

2019 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த கனடியர்களுக்கான பாதுகாப்பான உணவு ஒழுங்குவிதிகளின்படி, உணவு இறக்குமதி செய்பவர் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அது ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். பொருள் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற பதிவு இருக்க வேண்டும். பொதியின் மேல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் விபரம் வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்கள் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். கனடாவின் பட்டியலில் கடுகும் எள்ளும் உண்டு. எமது கறித்தூளிற் கடுகு இருக்கலாம். எள்ளுருண்டை அரைத்த அதே இயந்திரத்தில் அரிசி மாவும் அரைபட்டிருக்கலாம். கிளிநொச்சி ஆலைக்காரருக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒரு கொள்கலன் துறைமுகத்தில் மறிக்கப்பட்டாற் போதும், அவர் ஆயுள் முழுவதும் ஏற்றுமதி என்ற சொல்லையே எடுக்கமாட்டார். இங்கு உணவுத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைசெய்யும் எம்மவர் எத்தனை பேர்! கடன் கொடுக்க வசதியில்லாதவருக்கு நான் சொன்ன வழி இதுதான். ஒரு பொதியின் விபரத்தை இங்குள்ள விதிக்கேற்பத் திருத்திக் கொடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கு அகதி அந்தஸ்து தேவையில்லை.

கடைக்காரரிடமும் இறக்குமதியாளரிடமும் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பொருள் வந்து விற்று மூன்று மாதம் கழித்துப் பணம் அனுப்புவது வணிக வழக்கமாக இருக்கலாம். பெரிய கொழும்புக் கம்பனி அதைத் தாங்கும். நான்கு பேருடன் ஆலை நடத்துபவர் அந்த மூன்று மாதத்துக்கு நகையை அடைவு வைக்கிறார், அல்லது 44 சதவீதக் கடனை வாங்குகிறார். எங்கள் கடனை அவர் சுமக்கிறார் என்பதே இதன் பொருள். கட்டளையுடன் பாதிப் பணத்தை முற்பணமாக அனுப்பும் ஓர் இறக்குமதியாளர், பத்து உதவித் திட்டங்கள் செய்யாத நன்மையைச் செய்கிறார். கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் 1991 இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் எமது வணிகர்கள் வீட்டு விற்பனையிலும் காப்புறுதியிலும் உணவகத்திலும் வேரூன்றிவிட்டனர். முற்பணம் கொடுக்க அவர்களால் முடியும்.

ஓர் ஆலைக்காரரால் ஒரு கொள்கலனை நிரப்ப முடியாது. பத்துப் பதினைந்து பேரின் பொருள் ஒன்றுசேர வேண்டும், ஒரே தரம் பார்க்கப்பட வேண்டும், ஒரே பெயரில் கப்பலேற வேண்டும். மலையாளப் புகையிலை விற்ற சங்கம் செய்த வேலை இதுவே. கடனும் விற்பனையும் ஒரே கையில் இருந்தன என்று முன்னர் சொன்னதன் காரணமும் இதுவே: விற்பனையைக் கையாளும் சங்கத்துக்கு யார் எவ்வளவு திருப்பிக் கட்டக்கூடியவர் என்பது தெரியும், காணி உறுதி கேட்க வேண்டியதில்லை. பனை, தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களும் ஊர்களில் இன்றும் உள்ளன. சில தூங்குகின்றன, சில அரசியலில் சிக்கியுள்ளன, சில நன்றாகவே நடக்கின்றன. எது எப்படி என்பதை அவ்வூரவரே அறிவர். இங்குள்ள ஊர்ச்சங்கம் ஒன்று தொலைபேசியில் ஒரு மாலையில் விசாரித்து அறிந்துவிடலாம்.

விசாரிப்பவர்கள் காலத்தையும் மனத்திற் கொள்ள வேண்டும். பனம்பழம் ஆடி, ஆவணியில் விழுகிறது. அதன் பின்னர் கொட்டை பாத்தியில் ஊன்றப்படுகிறது. கிழங்கு மார்கழிக்குப் பின்னர் கிண்டப்பட்டு, தை, மாசி வெயிலில் ஒடியலாகக் காய்கிறது. மாரி ஓயுமுன் கிழங்கைக் கிண்டி அரைகுறையாகக் காயவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மா இங்குள்ள பரிசோதனையிற் தேறாது. எனவே அடுத்த கோடையில் ரெக்ஸ்டேல் கடையின் தட்டில் ஒடியல் மா இருக்க வேண்டுமென்றால், எவ்வளவு வேண்டும் என்ற கட்டளையும் அதற்கான முற்பணமும் பாத்தி போடும் புரட்டாதியிலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.